நான்காவது வரி

செப்டம்பர் 4, வியாழன்

எழுத்து லைப்ரரியின் புதிய வெர்ஷன் வந்துவிட்டது. 3.1. எங்களிடம் இருப்பது 2.8. அக்டோபர் முதல் வாரம் பெட்டிகள் படகுகளில் ஏற வேண்டும். எந்த வெர்ஷனை வைத்து பில்ட் செய்வது என்று நான்தான் முடிவு சொல்ல வேண்டுமாம். கம்பெனியை நடத்தும் சுரேந்திரன் சார் கோயம்புத்தூர்க்காரர். எவ்வளவு அவசரம் என்றாலும் குரல் உயராது. "இது உங்க முடிவுங்க விஜிலா. மாத்தறதா இருந்தா இந்த மாசத்துக்குள்ள மாத்திருங்க. அதுக்கப்புறம் யாரும் தொட வேண்டாம்" என்றார்.

சாப்பிடும்போது நாயகம், அப்படி என்ன லைப்ரரி அது என்று கேட்டார். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் என் வேலையைப் பற்றி அவர் கேட்ட முதல் உருப்படியான கேள்வி. ஆழ்கடலில் செல்போன் எடுக்காது. எங்கள் பெட்டி சாட்டிலைட் வழியாக வரும் புயல் எச்சரிக்கையை வாங்கித் திரையில் தமிழிலோ மலையாளத்திலோ காட்டும். "கொ" என்று காட்ட வேண்டுமென்றால் கொம்பு முன்னால், கால் பின்னால் வர வேண்டும். அது பெட்டிக்குத் தெரியாது. எங்கோ நாலு பேர் எழுதி இலவசமாகக் கொடுத்திருக்கிற லைப்ரரிக்குத்தான் தெரியும். அதைச் சேர்த்துத்தான் பெட்டிக்கான மென்பொருளை நாங்கள் பில்ட் செய்கிறோம்.

"புதுசு வந்தா புதுசை எடுக்க வேண்டியதுதான" என்றார்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாங்க" என்றேன்.

மகள் கயலுக்கு இருமல் குறையவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

லெவின் போன வாரம் ஆன் செய்துவிட்டுப் போன பெட்டி இன்று காலை உறைந்து நின்றது. லெவின்தான் எங்கள் டெஸ்டிங் முழுவதும் பார்ப்பவர். குளச்சல்காரர், என்னைவிட இரண்டு வயது சிறியவர். திரையில் பழைய செய்தி அப்படியே இருக்கிறது, புதிய செய்தி அனுப்பினால் ஏறவில்லை. அணைத்துப் போட்டால் சரியாகிவிடுகிறது.

காரணம் 2.8 தான். ஒவ்வொரு செய்திக்கும் கொஞ்சம் மெமரி எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுப்பதில்லை. நாலைந்து நாளில் மூச்சு முட்டி நின்றுவிடுகிறது. எங்கள் பக்கத்துப் படகுகள் போனால் இரண்டு வாரம், மூன்று வாரம் கடலிலேயே கிடக்கும். 2.8-ஐ எழுதியவர்கள் அதை இனி திருத்த மாட்டார்கள். 3.1-இல் இதைச் சரிசெய்துவிட்டதாக எழுதியிருக்கிறார்கள்.

அப்படியானால் முடிவு சுலபம்.

செப்டம்பர் 11, வியாழன்

3.1 போட்டு பில்ட் செய்தேன். முதல் தடவையே ஓடியது. எழுத்துகள் அழகாக இருக்கின்றன. முன்பு மேல் வரியின் "கூ" வால் கீழ் வரியின் "ரீ" சுழியைப் போய் இடிக்கும். இப்போது வரிகளுக்கு நடுவே காற்றோட்டம் இருக்கிறது. லெவின் திரையை போட்டோ எடுத்து குரூப்பில் போட்டார். சார் கட்டைவிரல் காட்டினார்.

கேஸ் சிலிண்டர் வந்தது. கயலுக்கு இருமல் பரவாயில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

சுலபம் இல்லை.

மீனவர்களுக்கு எச்சரிக்கை அனுப்பும் துறை தன் செய்தி மாதிரிகளை எங்களுக்குக் கொடுத்திருக்கிறது. இன்று லெவின் அவற்றை ஒவ்வொன்றாகப் பெட்டிக்கு அனுப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றில் நின்றார். "விஜிலாக்கா, இங்க வாங்க."

திரையில் இப்படி இருந்தது:

தென்கிழக்கு அரபிக்கடல்:
புதன்கிழமை முதல் மீனவர்கள்
ஆழ்கடலுக்குச் செல்லலாம்

"இதுல என்ன?" என்றேன்.

"அனுப்பினது இது இல்ல." தன் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். அதில் நான்காவதாக ஒரு வரி இருந்தது: "என்ற அறிவிப்பு ரத்து."

3.1 வரிகளுக்கு நடுவே இடம் விடுகிறது. அதனால் நான்கு வரி கொள்ளும் திரையில் மூன்று வரிதான் கொள்கிறது. நான்காவது வரி கீழே விழுந்துவிடுகிறது. ஆங்கிலமாக இருந்தால் "கூடாது" என்பது முன்னாலேயே வந்துவிடும். நமக்கு எல்லாம் கடைசியில்தான் வருகிறது. இல்லை, கூடாது, வேண்டாம், ரத்து. வெட்டுப்படுவது சரியாக அந்த இடம்தான்.

லெவின் அதே செய்தியை மறுபடி அனுப்பிப் பார்த்தார். அவர் மாமா ஒருவர் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்.

செப்டம்பர் 17, புதன்

முயன்றவை:

எழுத்தைச் சிறிதாக்கினேன். மேஜையில் வாசிக்க முடிகிறது. ஆடுகிற படகில், உப்புத் தண்ணீர் தெறித்த கண்ணாடிக்குப் பின்னால், ஸ்டியரிங் பிடித்தபடி வாசிக்க முடியாது.

வரி இடைவெளியை வலுக்கட்டாயமாகக் குறைத்தேன். மேலே உள்ள புள்ளிகள் வெட்டுப்படுகின்றன. கடல் "கடல" ஆகிறது.

இரண்டு பக்கமாக மாற்றி மாற்றிக் காட்டினேன். "ஓட்டுறவரு ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பாரு. அப்ப முதல் பக்கம் இருந்தா?" என்றார் லெவின். அதையும் எடுத்துவிட்டேன்.

லைப்ரரி எழுதியவர்களுக்கு எழுதிக் கேட்டேன். உங்கள் மொழியில் எழுத்துகள் இடித்துக்கொள்வதாகப் பலர் புகார் செய்ததால்தான் இடைவெளி விட்டோம், அடுத்த பெரிய வெர்ஷனில் அதை மாற்றிக்கொள்ள வசதி தருகிறோம், எப்போது என்று சொல்ல முடியாது என்று பதில் வந்தது. மரியாதையான பதில். கோபப்பட இடமில்லை.

நான்காவது வரி வெட்டுப்படுவதைச் சொல்லி, செய்திகளைச் சுருக்க முடியுமா என்று துறைக்கு மெயில் போட்டேன். பதில் இல்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

சோதனைக்கான முப்பது படகுகளின் பட்டியலை விசைப்படகுச் சங்கத்தில் கொடுத்துவிட்டார்கள். லெவின் வாசிக்க வாசிக்க நான் டைப் செய்தேன். ஒன்பது, அற்புத மாதா, கிளீட்டஸ். பதினேழு, ஸ்டெல்லா மாரிஸ், ரெக்சன், தேங்காய்ப்பட்டணம். பதினெட்டு, பத்தொன்பது. சாயங்காலம் ஆறு மணிக்கு முடிந்தது.

17 என் அண்ணன் படகு. லெவினிடம் சொல்லவில்லை. வேலைக்குச் சம்பந்தம் இல்லாத விஷயம்.

செப்டம்பர் 21, ஞாயிறு

அண்ணன் கடலுக்குப் போயிருக்கும் நாட்களில்தான் அவர் மனைவி பிரின்ஸி மைனி போன் செய்வாள். இன்று செய்தாள். கயலின் இருமலுக்கு ஓமம் வறுத்துத் துணியில் கட்டி மோந்துபார்க்கக் கொடுக்கச் சொன்னாள். "அண்ணன் படகுல ஏதோ பெட்டி மாட்டுதாங்களாம், ஒனக்க கம்பெனியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவரிடம் சொல்லவா என்றாள். வேண்டாம் என்றேன்.

நாயகத்தைக் கட்டிய பிறகு அண்ணன் என்னோடு பேசுவதில்லை. நாயகம் எங்கள் மதம் இல்லை, எங்கள் கடற்கரையும் இல்லை. அப்பா இறந்தபோது நான் மாதா கோயிலுக்கு வெளியே நின்றேன். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.

ஓமம் வாங்க வேண்டும்.

செப்டம்பர் 23, செவ்வாய்

சார் அறையில் ஒரு மணி நேரம் பேச்சு.

"ஒப்பந்தத்துல தெளிவா இருக்குதுங்க. பராமரிப்பு நின்னுபோன எதையும் உள்ள வைக்கக் கூடாது. 2.8 நின்னுபோனது. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா முதல் கேள்வி அதுதான் வரும்."

"3.1 போட்டா பெட்டி தப்பாச் சொல்லும் சார்."

"2.8 போட்டா சொல்லவே சொல்லாது. நின்னுரும்."

"தினமும் ஒரு தடவை பெட்டி தானா அணைஞ்சு மறுபடி ஆன் ஆகி ஏறுற மாதிரி வைச்சுரலாம். மெமரி காலியாயிரும். ஒன்றரை நிமிஷ வேலை. அந்த நேரத்துல செய்தி வந்தாலும் சாட்டிலைட் மறுபடி அனுப்பும்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க இதுல உறுதியா இருக்கீங்களா? இல்ல 3.1 மேல பயமா?"

உறுதியாக இருக்கிறேன் என்றேன்.

செப்டம்பர் 24, புதன்

முடிவு: 2.8. தினமும் நண்பகல் பன்னிரண்டுக்குப் பெட்டி தானாக அணைந்து ஏறும். எச்சரிக்கைகள் பெரும்பாலும் காலையிலும் மாலையிலும் வருவதால் நண்பகல்.

காரணத்தை எழுதி எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன். பேசாத பெட்டியைப் பற்றி ஆட்களுக்குச் சந்தேகம் வரும், ரேடியோவைக் கேட்பார்கள், பக்கத்துப் படகைக் கேட்பார்கள். தப்பாகப் பேசும் பெட்டியை நம்பிவிடுவார்கள். இது முப்பது படகுக்கும் பொதுவான காரணம். எந்த ஒரு படகையும் மனதில் வைத்து எடுத்த முடிவு இல்லை.

செப்டம்பர் 26, வெள்ளி

ஆபீஸில் உள்ள பெட்டியைப் பன்னிரண்டு மணிக்கு அணைந்து ஏற விட்டுப் பார்த்தோம். ஏறியது. செய்தி அனுப்பினோம். நான்கு வரியும் வந்தது. லெவின் பட்டனை அழுத்தினார். எங்கள் கம்ப்யூட்டரில் "வாசித்தார்" என்பதற்கான பச்சைப் புள்ளி விழுந்தது. ஒரு வாரம் ஓடவிட வேண்டும்.

அக்டோபர் 3, வெள்ளி

ஒரு வாரம் ஓடியது. உறையவில்லை. பில்ட் பூட்டியாகிவிட்டது, இனி யாரும் மாற்ற முடியாது.

அக்டோபர் 8, புதன்

லெவின் தேங்காய்ப்பட்டணம் துறைமுகம் போய்ப் பெட்டிகளை மாட்டிவிட்டு வந்தார். என்னையும் கூப்பிட்டார். எனக்கு வேலை இருந்தது.

17-இல் படகு ஓட்டும் வீல்ஹவுஸில் ஸ்டியரிங்குக்கு முன்னால் இடம் இல்லையாம், பின்னால் இருக்கிற பலகையில் மாட்டினாராம். "அந்த டிரைவர், இதை யாரு செஞ்சதுன்னு கேட்டாரு. விஜிலான்னு எங்க அக்காதான் மெயின்னு சொன்னேன். அப்புறம் ஸ்குரூவை மட்டும் தானே வாங்கி முறுக்கினாரு."

பின்னால் மாட்டினால் திரும்பித்தானே பார்க்க வேண்டும் என்று கேட்டேன். அதுக்கு என்ன செய்ய என்றார்.

அக்டோபர் 14, செவ்வாய்

எல்லாப் படகும் போய்விட்டன. சோதனைச் செய்தி அனுப்பினோம். பெரும்பாலும் பச்சை. 17-உம் பச்சை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. பாளையங்கோட்டையில் மாமியார் வீட்டில். கயல் மத்தாப்பைப் பார்த்து அழுதாள், பிறகு விடமாட்டேன் என்று அழுதாள். மழை.

அக்டோபர் 22, புதன்

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை பத்தரைக்குத் துறையிலிருந்து எச்சரிக்கை வந்தது. தென்கிழக்கு அரபிக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு, வேகமாக வலுக்கிறது, உடனே அருகிலுள்ள கரைக்குத் திரும்பவும். எங்கள் பெட்டிகளுக்கும் போனது. நானும் லெவினும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து புள்ளிகள் பச்சையாவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொன்றாக மாறின. ஒரு மணிக்குப் பார்த்தபோது கடலில் இருந்தவற்றில் நாலு படகு மட்டும் சாம்பல் நிறமாகவே நின்றன. அதில் மூன்று கரைக்குப் பக்கத்தில் இருந்ததால் லெவின் செல்போனில் பிடித்துவிட்டார். மூன்றாவது படகின் டிரைவர் போனில் சொன்னது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"தம்பி, அது தினமும் மத்தியானம் அணைஞ்சு ஏறி மொழி கேட்டுக்கிட்டு நிக்கும். தமிழா மலையாளமான்னு. அமுக்கினாத்தான் ஓடும். நேத்து அமுக்க மறந்துட்டோம்."

பெட்டியை முதலில் ஆன் செய்யும்போது மொழி கேட்கும். அது எங்களுக்குத் தெரியும். ஆனால் ஆபீஸ் பெட்டியில் ஒவ்வொரு தடவையும் அழுத்துவது தொல்லை என்று எப்போதோ தமிழை நிரந்தரமாக வைத்துவிட்டோம். படகில் உள்ள பெட்டிகள் அணைந்து ஏறினால் மொழியை மறந்துவிடுகின்றன. யாராவது வந்து அழுத்தும்வரை எந்தச் செய்தியையும் காட்டாமல் அப்படியே நிற்கின்றன. மற்ற படகுகளில் இந்த மிஷின் இப்படித்தான் போல என்று தினமும் அழுத்திக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

மிச்சம் இருந்தது 17. பெட்டி தன் இருப்பிடத்தை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தது. மற்ற எல்லோரும் கிழக்கே திரும்பியிருக்க, அது மேற்கே போய்க்கொண்டிருந்தது.

"ரேடியோவுல கேட்டிருப்பாங்க" என்றார் லெவின்.

"கேட்டிருந்தா ஏன் மேக்க போவாங்க?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அது எனக்க அண்ணன்" என்றேன். அவர் உடனே வரைபடத்தைப் பெரிதாக்கினார். 17-க்கு ஓரளவு பக்கத்தில், திரும்பி வந்துகொண்டிருந்தது 9. அற்புத மாதா. கிளீட்டஸ். படகுகளில் இருக்கும் வயர்லெஸ் அந்தத் தூரத்துக்கு எட்டலாம், எட்டாமலும் போகலாம். இன்னும் ஒரு மணி நேரம் போனால் கண்டிப்பாக எட்டாது.

ஒரு படகுக்கு மட்டும் தனியாகச் செய்தி அனுப்ப எங்களால் முடியும். சோதனைக்காக வைத்திருக்கிறோம். ஆனால் எச்சரிக்கை நடப்பில் இருக்கும்போது துறையைத் தவிர யாரும் எதுவும் அனுப்பக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. சார் அறைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். மொழித்திரை விஷயத்தை முதலில் சொன்னேன். அண்ணன் என்பதைக் கடைசியில் சொன்னேன்.

"துறைக்குப் போன் போட்டீங்களா?"

"லெவின் போட்டுட்டே இருக்காரு. பிஸியா இருக்கு."

ஜன்னல் பக்கம் பார்த்தார். இங்கே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. "என் ஐடியில போய் அனுப்புங்க" என்றார். "பின்னால கேட்டா நான் சொல்லிக்கிறேன்."

நான்கு வரிதான் கொள்ளும். நான் முதலில் எழுதியதில் கடைசி வரி "திரும்பச் சொல்லுங்கள்" என்று இருந்தது. வாசித்துப் பார்த்தேன். இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றும் அர்த்தம் வரும். மாற்றினேன். அனுப்பியது:

கூப்பிடுங்கள் 17-ஐ வயர்லெஸில்.
ஸ்டெல்லா மாரிஸ், ரெக்சன்.
கரைக்கு வரச் சொல்லுங்கள். புயல்.
பெட்டியில் தமிழ் அமுக்கச் சொல்லுங்கள்.

9 சீக்கிரமே பச்சையானது. கிளீட்டஸ் வாசித்துவிட்டார். அவர் திரும்பிச் சொல்வதற்குப் பெட்டியில் வழி கிடையாது. 9 கிழக்கே வருவதை நிறுத்தியது தெரிந்தது. பிறகு, வயர்லெஸ் எட்டவில்லை போல, அதுவும் மேற்கே போனது.

லெவின் டீ வாங்கி வந்து வைத்தார். ஆறிப் போனது. துறையில் ஒருவழியாகப் போனை எடுத்தார்கள், விவரத்தைக் குறித்துக்கொண்டார்கள். மைனியின் போன் இரண்டு தடவை வந்தது. எடுக்கவில்லை. என்ன சொல்வது?

நாலு மணிக்கு மேல் 17 பச்சையானது. கொஞ்ச நேரத்தில் புள்ளி வடகிழக்கே திரும்பியது.

மைனிக்குப் போன் செய்து, திரும்பிவிட்டார்கள் என்று மட்டும் சொன்னேன்.

அக்டோபர் 23, வியாழன்

காற்று. இங்கேயே மரங்கள் விழுந்திருக்கின்றன. 9 கரையேறிவிட்டது. 17 இன்னும் இல்லை. கயலை நாயகம் பார்த்துக்கொண்டார்.

அக்டோபர் 24, வெள்ளி

17 கொல்லத்துப் பக்கம் ஒரு துறைமுகத்துக்குள் வந்துவிட்டது. எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள். அலை அடித்ததில் சூசை என்பவர் வலை இழுக்கும் இயந்திரத்தின் மேல் விழுந்து கையில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. பத்தரை மணிக்கே செய்தியை வாசித்துத் திரும்பியிருந்தால் அந்த அலைக்கு முன்பே கரைக்கு வந்திருப்பார்கள். வரைபடத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சந்தேகமே இல்லை.

அக்டோபர் 27, திங்கள்

துறைக்கு அறிக்கை எழுதினேன். சார் முதலில் ஒரு வரைவு வைத்திருந்தார். "மறுதொடக்கத்தின்போது எதிர்பாராத நடத்தை" என்று இருந்தது. பொய் இல்லை. ஆனால் வாசிப்பவருக்கு ஒன்றும் புரியாது. நான் வேறு எழுதினேன். 2.8-ஐத் தேர்ந்தெடுத்தது நான். அதற்காகத் தினசரி மறுதொடக்கத்தைச் சேர்த்தது நான். மொழித்திரையை நினைத்துப் பார்க்கவில்லை. பட்டியலில் என் அண்ணன் படகு இருந்ததையும் அதை நான் யாரிடமும் சொல்லாததையும் எழுதினேன்.

"கடைசி வரி தேவையாங்க?" என்றார் சார்.

"தேவை சார்."

"அதனாலதான் 2.8 எடுத்தீங்களா?"

தெரியவில்லை என்றேன். செப்டம்பரில் கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பேன்.

அவர் ஒரு எழுத்தும் மாற்றாமல் அனுப்பினார்.

அக்டோபர் 29, புதன்

துறையோடு வீடியோ கால். பராமரிப்பு நின்ற வெர்ஷனை ஏன் வைத்தீர்கள் என்று ஓர் அதிகாரி அம்மா கேட்டார். கடுமையாகத்தான் கேட்டார். அவர் வேலை அது. நான் 3.1 போட்ட பெட்டியைக் கேமரா முன்னால் வைத்து அவர்களுடைய ரத்துச் செய்தியையே அனுப்பினேன். "ஆழ்கடலுக்குச் செல்லலாம்" என்று திரை காட்டியது.

அந்த அம்மா முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வாசித்தார். "இதை எங்களுக்குச் சொன்னீங்களா?" என்றார். செப்டம்பர் மெயிலைச் சார் அங்கேயே அனுப்பினார்.

என்ன செய்யலாம் என்று கேட்டபோது பேசியது லெவின். கிளீட்டஸுக்கு நான் அனுப்பிய செய்தியைப் படித்துக் காட்டினார். "இதுல கூப்பிடுங்கள்னு முதல்லயே வந்துருது மேடம். அக்கா அவசரத்துல எழுதினது. உங்க செய்தி எல்லாத்தையும் இப்படி மாத்தினா, கடைசி வரி போனாலும் அர்த்தம் மாறாது." அந்த அம்மா தாளில் எழுதிப் பார்த்தார். "செல்லாதீர். ஆழ்கடல். புதன் வரை." இலக்கணம் ஒரு மாதிரி இருக்கிறதே என்றார். பிறகு, இருக்கட்டும் என்றார். மூன்று வரிக்குள் எல்லா மாதிரிகளையும் இரண்டு நாளில் மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். தந்துவிட்டால் ஆச்சரியம்.

எங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் உண்டு. சோதனை தொடரும்.

முடிவு: 3.1. மறுதொடக்கம் இல்லை. மொழியைப் பெட்டி நினைவில் வைத்துக்கொள்ளும். ஆபீஸ் பெட்டியையும் படகுப் பெட்டி மாதிரியே வைக்கச் சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 31, வெள்ளி

மாதிரிகள் வந்துவிட்டன. ஆச்சரியம்.

பெட்டிகளில் புது பில்ட் ஏற்ற லெவினோடு நானும் துறைமுகம் போனேன். எனக்கு மீன் வாடை பழகிய வாடை, ஆனால் சேலை கட்டிக்கொண்டு போயிருக்கக் கூடாது. ஏழெட்டுப் படகு முடித்துவிட்டு 17-க்கு வந்தோம். லெவின் பக்கத்துப் படகில் வேலை இருக்கிறது என்று சொல்லிப் போய்விட்டார். அங்கே அவருக்கு வேலை இல்லை.

அண்ணன் வீல்ஹவுஸில் இருந்தார். முடி முன்னால் கொட்டியிருக்கிறது. பெட்டியைக் கழற்றி ஸ்டியரிங் பக்கத்தில் வைத்திருந்தார்.

"இதைக் கொண்டு போ" என்றார். "மூணு வருஷம் கழிச்சு ஒனக்க கையால வந்தது. அதுவும் பேசல்ல."

நான் என்ன நடந்தது என்று சொன்னேன். இரண்டு வெர்ஷன், ஒன்று உறையும், ஒன்று வரியை விழுங்கும், உறைவதை எடுத்தேன், உறையாமல் இருக்க ஒன்று செய்தேன், அதுதான் மொழி கேட்டு நின்றது.

"நாங்க அதைப் பார்த்தோம்" என்றார். "ரெண்டு நாளா தமிழா மலையாளமான்னு நின்னுச்சு. சூசை அமுக்கட்டான்னு கேட்டான். நான்தான் கிடக்கட்டும்னேன்."

"ஏன்?"

பின்பலகையில் ஸ்குரூ இருந்த ஓட்டையை விரலால் தடவினார். வெளியே ஒருவர் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தார்.

"சூசையண்ணன் எப்படி இருக்காரு?"

"கம்பி வைச்சிருக்கு. ஆறு மாசம் வலை இழுக்க முடியாது." பெட்டியைத் தொட்டார். "இதுல இப்ப எல்லாம் சரியா?"

"எங்களுக்குத் தெரிஞ்சதெல்லாம் சரி பண்ணியாச்சு. தெரியாதது இருக்கலாம்."

"எல்லாம் சரின்னு சொல்லியிருந்தா கடல்ல எறிஞ்சிருப்பேன்" என்றார். ஸ்குரூ டிரைவரைத் தேடி எடுத்தார். பின்னால் இருந்த பலகையில் அல்ல, ஸ்டியரிங்குக்கு முன்னால் மாட்டினார். அங்கே இடம் இருந்தது. நான் பில்ட் ஏற்றினேன். மொழி கேட்டது. அவரே அழுத்தினார்.

சோதனைச் செய்தி அனுப்பச் சொல்லி ஆபீஸுக்குப் போன் செய்தேன். மூன்று வரி வந்தது. இரண்டு பேரும் வாசித்தோம்.

இறங்கும்போது கை கொடுத்தார். பலகை வழுக்கும் என்றார்.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். நேற்று மைனி போன் செய்து, அண்ணன் வீட்டில் இருக்கும்போதே செய்து, நாளைக்கு அப்பா கல்லறைக்கு வாறியா என்று கேட்டாள். யார் கேட்கச் சொன்னது என்று நான் கேட்கவில்லை. பின்னால் டிவி சத்தம் குறைந்தது மட்டும் தெரிந்தது.

நாயகம், கயல், நான் மூவரும் போனோம். கூட்டம். கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, செவ்வந்தி வைத்திருந்தார்கள். நாயகம் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றார். அண்ணன் போய், வெயிலா இருக்கு, இப்படி வாங்க என்று கூப்பிட்டார். இரண்டு பேருக்கும் அடுத்து என்ன பேசுவது என்று தெரியவில்லை. டீசல் விலை பற்றிப் பேசினார்கள்.

கயல் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துவிட்டாள். அண்ணன் மறுபடி பற்றவைத்தார். அவள் மறுபடி ஊதினாள். மூன்றாம் தடவை அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

கல்லறைகளுக்குத் தீர்த்தம் தெளித்து மந்திரித்தபடி வந்த புதிய பங்குச் சாமியார் எங்களிடம் நின்றார். அவருக்கு ஊர் பழகவில்லை. என்னைப் பார்த்து, "இது யாரு, விருந்தாளியா?" என்று அண்ணனிடம் கேட்டார். சுற்றிலும் ஊரில் எல்லோரும் இருந்தார்கள்.

"எனக்கத் தங்கச்சி" என்றார் அண்ணன். "நாகர்கோவில்ல இருக்கா. அது மாப்பிள்ளை. இது இவளுக்கப் பிள்ளை."

சாமியார் கயல் தலையில் கை வைத்துவிட்டு அடுத்த கல்லறைக்குப் போனார். நான் குனிந்து பூக்களை ஒழுங்காக அடுக்கினேன். ஏற்கெனவே ஒழுங்காகத்தான் இருந்தன.

வரும் வழியில் சூசையண்ணன் வீட்டுக்குப் போனோம். கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருந்தார். நடந்ததை அவரிடமும் சொன்னேன். தலையாட்டிக் கேட்டார். காப்பி குடிக்கச் சொன்னார். குடித்தோம்.

நவம்பர் 3, திங்கள்

3.1.1 வந்திருக்கிறது. மலையாளக் கூட்டெழுத்து ஒன்றைத் திருத்தியிருக்கிறார்களாம், வேறு மாற்றம் இல்லை என்கிறார்கள். எடுக்கலாமா என்று லெவின் கேட்டார். துறையின் எல்லா மாதிரிகளையும் இரண்டு வெர்ஷனிலும் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். படகுப் பெட்டி மாதிரியே வைத்த பெட்டியில்.

அண்ணன் படகு வெள்ளிக்கிழமை கடலுக்குப் போகிறது. அதற்குள் முடிவு சொல்ல வேண்டும்.